லினக்ஸில் திரும்பத் திரும்ப வரும் யுஎஸ்பி பிழை: எங்கே தேடுவது?

பென்டிரைவைச் செருகினால் சில நேரம் தெரிகிறது, சில நேரம் தெரிவதில்லை. வெளி ஹார்ட் டிஸ்கில் பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. கீபோர்டு திடீரென்று சில நொடி செத்துக் கிடந்து, பிறகு தானாகவே எழுந்துகொள்கிறது. கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் மறுபடியும் வரும். இந்த நிலையில் பலர் டிஸ்ட்ரோவையே (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பையே) மாற்றுகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை.

திரும்பத் திரும்ப வரும் கோளாறு ஒரு வகையில் நமக்குச் சாதகமானது. ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறைந்ததைத்தான் பிடிக்க முடியாது. மீண்டும் வருகிறது என்றால் சோதித்துப் பார்க்க முடியும். பிழை சாதனத்தோடு போகிறதா, கேபிளோடு போகிறதா, போர்ட்டோடு நிற்கிறதா, இல்லை கணினி சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் வருகிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி வேலை சின்னது. பதில் தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் கணினி காட்டும் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

செருகிய கணத்தில் நடப்பது

யுஎஸ்பியின் முதல் தர வரையறை 1996இல் வந்தது. வேகம் எத்தனையோ மடங்கு கூடிவிட்டது, அடிப்படை மட்டும் மாறவில்லை: தரவுப் பரிமாற்றத்தை நடத்துவது கணினி, அது சொன்னபடி நடப்பது சாதனம். கணினியின் பக்கம் இந்த வேலையைச் செய்யும் சிப்பின் பெயர் ஹோஸ்ட் கண்ட்ரோலர். இப்போதைய கணினிகளில் அது எக்ஸ்எச்சிஐ என்ற வகை. பழைய யுஎஸ்பி 2 காலத்துக் கணினிகளில் இஎச்சிஐ. இந்தப் பெயர்கள் லாக்கில், அதாவது கணினி எழுதி வைக்கும் செய்திப் பதிவில், அடிக்கடி கண்ணில் படும்.

பழைய யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கே கம்பிகள். ஒன்றில் 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், மீதி இரண்டும் தரவுக்கு. சாதனத்தைச் செருகியதும், அது தன் தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோஓம் மின்தடை வழியாக மேலே இழுத்துப் பிடிக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று போர்ட்டுக்குத் தெரிவது அப்படித்தான். கணினி உடனே போர்ட்டை ரீசெட் செய்கிறது. அந்த நேரத்தில் சாதனத்துக்கு முகவரி கிடையாது, சுழியம்தான். ‘நீ யார்?’ என்று கணினி கேட்கிறது. சாதனம் தன்னைப் பற்றி 18 பைட் அளவில் ஒரு விவரக் குறிப்பு அனுப்புகிறது. அதன் பெயர் டிஸ்கிரிப்டர். தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கணினி 1 முதல் 127 வரையிலான ஒரு முகவரியைக் கொடுக்கிறது. பிறகு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும், என்னென்ன வேலை தெரியும் என்று விசாரித்து, பொருத்தமான டிரைவரை அதோடு இணைக்கிறது.

எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். இந்த வரிசை தெரிந்திருந்தால், பிழைச் செய்தி எந்தப் படியில் உடைந்தது என்று சொல்வது நமக்குப் புரியும். அதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன்.

லாக்கைப் படிப்பது

டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் செய்திகளைக் காட்டும். பல டிஸ்ட்ரோக்களில், நிர்வாகி அனுமதி தரும் சூடோவை முன்னால் சேர்த்துப் போட வேண்டும். அதோடு ‘--ஃபாலோ’ என்று சேர்த்தால் டெர்மினல் காத்துக்கொண்டே இருக்கும், புதிய செய்தி வர வர எழுதும். அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாதனத்தைச் செருகுங்கள். எல்லாம் நலமாக இருந்தால், ‘யுஎஸ்பி 1-2.3: நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் நம்பர் 7 யூசிங் எக்ஸ்எச்சிஐ_எச்சிடி’ என்று ஒரு வரியும், அதைத் தொடர்ந்து தயாரிப்பாளர் பெயரும் வரும்.

இந்த வரியில் முக்கியமானது 1-2.3 என்ற எண். முதலில் உள்ள 1 என்பது பஸ்ஸின், அதாவது கண்ட்ரோலரிலிருந்து கிளம்பும் இணைப்புத் தொகுதியின், எண். கோட்டுக்குப் பின்னால் உள்ள 2 அந்தப் பஸ்ஸின் இரண்டாவது போர்ட். புள்ளிக்குப் பின்னால் 3 என்றால், அந்தப் போர்ட்டில் ஒரு ஹப் (ஒரு போர்ட்டைப் பல வாய்களாகப் பிரிக்கும் கருவி) இருக்கிறது, அதன் மூன்றாவது வாயில் சாதனம் மாட்டப்பட்டிருக்கிறது. ஆக இது இடத்தின் பெயர், சாதனத்தின் பெயர் அல்ல. வேறு போர்ட்டில் மாட்டினால் இந்த எண் மாறும். ‘டிவைஸ் நம்பர் 7’ என்பது வேறு: ஒவ்வொரு முறை புதிதாக இணையும்போதும் அது ஏறிக்கொண்டே போகும். நீங்கள் கையே வைக்காத கீபோர்டுக்கு 7, 8, 9, 10 என்று எண் ஏறிக்கொண்டிருந்தால், அது விட்டு விட்டுத் துண்டித்து மறுபடி இணைகிறது என்று பொருள். யாருக்கும் தெரியாமல் நடக்கும் துண்டிப்பைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய தடயம் கிடையாது.

கணினி உறைந்துபோய் மறுபடி இயக்க வேண்டியதாகிவிட்டால் பழைய செய்திகள் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ‘ஜர்னல்சிடிஎல் --டிஎம்இஎஸ்ஜி --பூட்=-1’ என்று போட்டால், லாக்கை வட்டில் சேமிக்கும் டிஸ்ட்ரோக்களில் முந்தைய இயக்கத்தின் கர்னல் செய்திகள் கிடைக்கும்.

சரி, பிழை எண்களுக்கு வருவோம். அதிகம் தென்படுவது -71. ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எர்ரர் -71’ என்று வரும். கம்பியில் வந்த சமிக்ஞை ஒழுங்காக இல்லை, அல்லது பதில் வர வேண்டிய நுண்நொடிகளுக்குள் வரவில்லை என்று அர்த்தம். மென்பொருளுக்கு ரொம்பக் கீழே, மின்சார அளவில் நடக்கும் பிரச்சினை இது. ஆகவே -71 தொடர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் எப்போதும் கேபிள்மேல்தான், அப்புறம் போர்ட், அப்புறம் மின்சாரம். -110 வேறு மாதிரி: கணினி கேட்டது, கொடுத்த கெடு முடியும்வரை காத்திருந்தது, பதிலே வரவில்லை. சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருள் தொங்கிப்போயிருக்கலாம், மின்சாரம் போதாமல் அது எழாமலே இருக்கலாம், தூக்க நிலையிலிருந்து விழிக்காமலும் இருக்கலாம். -32 என்பது பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ‘நீ கேட்டது எனக்குத் தெரியாது’ என்று சாதனம் மறுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆடியோ சாதனங்களிலும் கேமராக்களிலும் ஓரிரு -32 வந்து, வேலை நன்றாகவே நடப்பதுண்டு.

ஒரு எச்சரிக்கை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது சாதனத்தை நீங்களே பிடுங்கினால், அந்தக் கணத்தில் -71, -108 போன்றவை லாக்கில் விழும். அது இயல்பு. ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்ற வரிக்கு ஒட்டி வரும் பிழைகளை, நீங்கள் கை வைத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று

இப்போது சோதனை. ஒரே நேரத்தில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்றால் எது காரணம் என்று தெரியாது, அடுத்த வாரம் அது திரும்பி வரும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிழை வழக்கமாக எவ்வளவு நேரத்தில் வருமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருங்கள், லாக்கைப் பாருங்கள்.

கேபிளிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். மலிவானது, மாற்ற எளியது, உண்மையில் அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். சில கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது, மின்னேற்றத்துக்கு மட்டும் செய்தவை. அவற்றில் மாட்டினால் கர்னலிடமிருந்து ஒரு வரிகூட வராது. செருகியும் லாக் மௌனமாக இருந்தால் இதை முதலில் நினையுங்கள். சில நேரம் கர்னலே ‘மேபி தி யுஎஸ்பி கேபிள் இஸ் பேட்?’ என்று கேட்டு எழுதும். அந்த வரியைப் பார்த்தால் நம்புங்கள்.

அடுத்து போர்ட். மேசைக் கணினியின் பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. முன்பக்கப் போர்ட்டுகளோ பெட்டிக்குள் ஓடும் ஒரு கேபிளின் மறுமுனை. அந்தக் கேபிளோ இணைப்போ தளர்ந்திருந்தால், முன்பக்கம் -71, பின்பக்கம் சுத்தம் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். ஹப் நடுவில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். பிழை 1-2.3, 1-2.1, 1-2.4 என்று ஹப்பின் எல்லா வாயிலும் வந்தால், ஹப்தான் முதல் சந்தேகம்.

போர்ட்டை மாற்றியும், கேபிளை மாற்றியும் பிழை சாதனத்தோடே போகிறது என்றால், அதை வேறொரு கணினியில் மாட்டுங்கள். அங்கேயும் அதே கதை என்றால் சாதனம் பழுது. அங்கே நன்றாக இருந்தால்தான் லினக்ஸ் அமைப்புகளைப் பார்க்கும் நேரம் வந்திருக்கிறது. அப்போதும், வேறு கர்னல் உள்ள ஒரு லைவ் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவில்) உங்கள் கணினியையே இயக்கிப் பார்ப்பது நல்லது. அதில் பிழை இல்லையென்றால் சிக்கல் உங்கள் கர்னலிலோ அமைப்பிலோ இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

மின்சாரம்

யுஎஸ்பி 2 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும், யுஎஸ்பி 3 போர்ட் 900 வரை. தனக்கென்று அடாப்டர் இல்லாத யுஎஸ்பி 2 ஹப்பின் நிலை பரிதாபம்: தனக்கு வந்த 500இல் தானும் பிழைத்து, தன் ஒவ்வொரு வாய்க்கும் 100தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. சுழலும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு, தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதிக மின்னோட்டம் வேண்டும். அப்படிப்பட்ட டிஸ்கை இப்படிப்பட்ட ஹப்பில் மாட்டினால், தொடங்கும், மின்னழுத்தம் சரியும், துண்டிக்கும், மறுபடி தொடங்கும். லாக்கில் இணைப்பும் துண்டிப்பும் மாறி மாறி ஒரே சீரான இடைவெளியில் வரும்.

‘எல்எஸ்யுஎஸ்பி --வெர்போஸ்’ என்ற கட்டளையில் ‘மேக்ஸ்பவர்’ என்று ஒரு வரி இருக்கும். அது சாதனம் தானே சொல்லிக்கொள்ளும் தேவை, அளந்து பார்த்த அளவு அல்ல. அதனால் அந்த எண் குறைவாக இருப்பதால் மட்டும் மின்சாரப் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அடாப்டர் உள்ள ஹப் ஒன்றில் மாட்டிப் பார்ப்பதே நேரான சோதனை. லாக்கில் ‘ஓவர்-கரண்ட் கண்டிஷன்’ என்று வந்தால் விஷயம் தீவிரம்: சாதனமோ போர்ட்டோ அளவுக்கு மீறி இழுக்கிறது. போர்ட்டுக்குள் பின் வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதா, தூசு அடைத்திருக்கிறதா என்று, கணினியை அணைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

சும்மா இருந்தால் மட்டும் வரும் பிழை

என்னைக் கேட்டால், லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலையில்லாத யுஎஸ்பி சாதனத்தைக் கர்னல் தூங்க வைக்க முடியும். இதற்கு ஆட்டோசஸ்பெண்ட் என்று பெயர். இயல்பான காத்திருப்பு 2 நொடி. கர்னல் தானாக ஹப்புகளைத்தான் இப்படித் தூங்க வைக்கும். மற்ற சாதனங்களைப் பொதுவாக விட்டுவிடும். ஆனால் டிஎல்பி, பவர்டாப் போன்ற பேட்டரி சேமிப்புக் கருவிகள் மற்றவற்றுக்கும் அதை இயக்கிவிடும். எல்லாச் சாதனங்களும் ஒழுங்காக விழிப்பதில்லை. சில எழும்போது -110 கொடுக்கும், சில முற்றிலும் துண்டித்து மறுபடி இணையும்.

இதன் அடையாளம் எளிது. வேலை நடக்கும்போது பிழையே வராது. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி தொட்டால் வரும். கீபோர்டின் முதல் எழுத்து விழாது, ஆடியோ சாதனத்தில் பாட்டின் முதல் நொடி விழுங்கப்படும். மடிக்கணினியில், பேட்டரியில் ஓடும்போது மட்டும் வந்து, மின்னிணைப்பில் இருக்கும்போது வராவிட்டாலும் சந்தேகம் இங்கேதான் திரும்ப வேண்டும்.

சோதிப்பதும் எளிது. சிஸ் என்ற கோப்பகத்துக்குள் பஸ், யுஎஸ்பி, டிவைசஸ் என்று இறங்கினால் 1-2.3 போன்ற அதே பெயர்களில் கோப்பகங்கள் இருக்கும். அதற்குள் பவர், அதற்குள் கண்ட்ரோல் என்று ஒரு கோப்பு. அதில் ‘ஆட்டோ’ என்று இருந்தால் தூங்க அனுமதி உண்டு. ‘ஆன்’ என்று இருந்தால் சாதனம் எப்போதும் விழித்தே இருக்கும்; ஆட்டோசஸ்பெண்ட் ஆனில் இருக்கிறது என்று இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. ரூட் (நிர்வாகி) அனுமதியோடு அந்தக் கோப்பில் ‘ஆன்’ என்று எழுதிவிட்டு, வழக்கம்போல வேலை செய்யுங்கள். பிழை நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

இந்த மாற்றம் சாதனத்தைக் கழற்றும்வரைதான் நிற்கும். நிலையாக வேண்டுமென்றால், டிஎல்பி வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் அந்தச் சாதனத்தின் அடையாள எண்ணை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். மற்றவர்கள், சாதனம் இணையும்போது தானாகச் செயல்படும் யுடெவ் விதி ஒன்று எழுதி, தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் பொருந்தும்போது கண்ட்ரோல் கோப்பில் ‘ஆன்’ எழுதச் சொல்லலாம். இரண்டு எண்களையும் எல்எஸ்யுஎஸ்பி காட்டும். நான்கு நான்கு எழுத்தாக, நடுவில் முக்காற்புள்ளியோடு இருக்கும். ‘யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1’ என்று கர்னல் கட்டளை வரியில் (கணினி தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகளில்) போட்டு மொத்தமாக நிறுத்துவதும் உண்டு. சோதனைக்கு அது நல்லது. ஆனால் மடிக்கணினியில் ஒரு சாதனத்துக்காக எல்லாவற்றையும் விழித்திருக்கச் செய்து பேட்டரியைக் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யுஎஸ்பி 3 டிஸ்குகளுக்கு உரிய தொல்லை

‘எல்எஸ்யுஎஸ்பி --ட்ரீ’ என்று போட்டால் எல்லாச் சாதனங்களும் மரம்போல விரியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேகம் இருக்கும். யுஎஸ்பி 3 டிஸ்கை யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டியும் 5000 என்று வராமல் 480 என்று வந்தால், வேகமான கம்பிகளில் இணைப்பு அமையவில்லை, பழைய கம்பிகளுக்கு இறங்கிவிட்டது. யுஎஸ்பி 3 கேபிளில் கூடுதல் கம்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று போனாலும் இப்படித்தான் ஆகும். பிழைச் செய்தி எதுவும் இல்லாமலே கேபிளின் பழுது தெரிந்துவிடுகிற இடம் இது.

அதே வரியில் டிரைவரின் பெயரும் இருக்கும்: யுஏஎஸ் அல்லது யுஎஸ்பி-ஸ்டோரேஜ். யுஏஎஸ் புதியது, ஒரே நேரத்தில் பல கட்டளைகளை டிஸ்குக்கு அனுப்பும், வேகமானது. ஆனால் டிஸ்க் உறைக்குள் இருந்து டிஸ்கையும் யுஎஸ்பியையும் இணைக்கும் சில பிரிட்ஜ் சிப்புகள் அதைச் சரியாகக் கையாள்வதில்லை. பெரிய கோப்பை எழுதும்போது மட்டும் டிஸ்க் தொங்கி, லாக்கில் ‘யுஏஎஸ்_இஎச்_அபார்ட்_ஹேண்ட்லர்’ என்ற வரி குவிந்தால் இதுதான். கர்னல் கட்டளை வரியில் ‘யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குயிர்க்ஸ்=’ என்று எழுதி, சாதனத்தின் இரண்டு எண்களையும், அதன்பின் முக்காற்புள்ளியும் ‘யு’ என்ற ஒற்றை எழுத்தும் சேர்த்தால், அந்த டிஸ்குக்கு மட்டும் பழைய டிரைவர் வரும். வேகம் கொஞ்சம் குறையும், பாதியில் நிற்காது.

லாக்கில் எதுவுமே வராத ஒரு தொல்லையும் உண்டு. வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவரை, ஓடிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி 3 டிஸ்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் வைத்தால் சுட்டி தடுமாறும். யுஎஸ்பி 3இன் இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகிறது, பல மவுஸ்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் போதும்.

எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் போய்விட்டால் தனித்தனியாக எதையும் குறை சொல்ல வேண்டாம். ‘எக்ஸ்எச்சிஐ ஹோஸ்ட் கண்ட்ரோலர் நாட் ரெஸ்பாண்டிங், அஸ்யூம் டெட்’ என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் கண்ட்ரோலரே பதில் சொல்லாமல் போயிருக்கிறது, அதனால் அந்தப் பஸ்ஸில் உள்ள அனைத்தும் விழுந்திருக்கின்றன. பயாஸ் புதுப்பிப்பும் கர்னல் புதுப்பிப்பும் இங்கே உண்மையாகவே உதவக்கூடியவை. ஒரு குறிப்பிட்ட சாதனத்தை மாட்டும்போது மட்டும் இது நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிழை வருவது தரவு உள்ள டிஸ்க் என்றால் மேலே சொன்ன வரிசை மாறும். ஒவ்வொரு துண்டிப்பும் எழுதிக்கொண்டிருந்த கோப்பை அரைகுறையாக விடலாம்; கோப்பு அமைப்பும் சேதமாகலாம். டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலைக்குத் தானே மாறியிருந்தால், மேற்கொண்டு சேதமாகாமல் கர்னல் தடுத்திருக்கிறது. அதை வற்புறுத்தி எழுத வைக்க வேண்டாம். முதலில் குட்டையான, நல்ல கேபிளில், பின்பக்கப் போர்ட்டில் நேரடியாக மாட்டி, முக்கியமானவற்றை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அதன்பின் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். கோப்பு அமைப்பைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகேயை ஓட்டுவது இவை இரண்டும் முடிந்த பிறகு, டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிட்டு மட்டும். இணைப்பு விட்டு விட்டு வரும் நிலையிலேயே அதை ஓட்டினால், பழுதுபார்க்கும் எழுத்தும் பாதியில் அறுந்துபோகும்.